சுடாத மண் கட்டி

சூளையில் சுடாமல், மண்ணை அச்சில் வார்த்தோ பொறியில் அழுத்தியோ உலர்த்திச் சுவர் எழுப்பப் பயன்படுத்தும் கல் சுடாத மண் கட்டி எனப்படும். ஊர்களில் வெயிலில் காயவைக்கும் பச்சைக்கல் இதன் பழைய வடிவம் ஆகும். செங்கல்லைச் சுட ஏறத்தாழ 900 பாகை செல்சியசு வெப்பம் தேவை; அதற்கு விறகோ நிலக்கரியோ எரிக்க வேண்டும். பச்சைக்கல்லுக்கு அச்செலவு இல்லை. ஆனால் மழையில் கரைந்துவிடும். ஆகவே இதை மேம்படுத்தும் முறைகள் பெரும்பாலும் நீரைத் தாங்கச் செய்யும் முறைகளே.

மண் தேர்வு

மேல்மண்ணில் வேரும் மக்கும் இருப்பதால் அதை ஒதுக்கிவிட்டு அடிமண்ணை எடுக்க வேண்டும். சரளை, மணல், வண்டல், களி நான்கும் கலந்த மண் ஏற்றது. களி மிகுந்தால் காயும்போது வெடிக்கும். மணல் மிகுந்தால் உதிரும்.

இதை மாணவரும் சோதிக்கலாம். கண்ணாடிப் புட்டியில் மூன்றில் ஒரு பங்கு மண்ணும் மீதி நீரும் இட்டு, சிறிது உப்புச் சேர்த்துக் குலுக்கி வைக்க வேண்டும். முதலில் மணலும், அதன்மேல் வண்டலும், கடைசியாகக் களியும் படியும். மறுநாள் அடுக்குகளின் உயரத்தை அளந்தால் விகிதம் தெரியும். திருவண்ணாமலை வட்டாரத்துச் செம்மண்ணும் இடத்துக்கு இடம் மாறுபடுவதால் இச்சோதனை அவசியம்.

அழுத்தமும் நிலைப்படுத்தலும்

ஈரப்பதமான மண்ணைப் பொறியில் அழுத்தும்போது இடைவெளிகள் குறைந்து கட்டி இறுகுகிறது. 1950களில் கொலம்பியாவில் ராவுல் ராமிரெசு வடிவமைத்த 'சின்வா-ராம்' கைப்பொறி இம்முறையை உலகெங்கும் பரப்பியது. இந்தியாவில் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் 'ஆசுட்ரா' மையமும், 1989இல் தொடங்கப்பட்ட ஆரோவில் மண் நிறுவனமும் இத்துறையில் முன்னோடிகள். ஆரோவில்லில் இக்கட்டிகளால் கட்டப்பட்ட பார்வையாளர் மையம் 1992இல் அசன் ஃபாத்தி விருது பெற்றது.

மணற்பாங்கான மண்ணுடன் எடையில் சுமார் 5 விழுக்காடு சிமெண்டும், களி மிகுந்த மண்ணுடன் சுண்ணாம்பும் சேர்ப்பர். இவை மண் துகள்களைப் பிணைத்து, நீரில் கரையாமல் காக்கின்றன. சிமெண்ட் கலந்த கட்டிகளை வெயிலில் போடாமல் நிழலில் மூடி, நான்கு வாரம் ஈரம் காத்துப் பதப்படுத்த வேண்டும். இந்த வாரங்களைக் குறைத்தால் சேர்த்த சிமெண்ட் வீணாகும்.

நனைந்த கட்டியின் வலிமை உலர்ந்த கட்டியின் வலிமையில் ஏறத்தாழ பாதியே. எனவே கட்டியை நனைத்தே சோதிக்க வேண்டும். கருங்கல் கடைக்காலும், நிலமட்டத்துக்கு மேல் உயர்ந்த அடித்தளமும், சுவரைத் தாண்டி நீண்ட கூரை இறக்கமும் அவசியம்.

செலவு

சிமெண்டும் சூளையில் உருவாவதே. அதை அளவுக்கு மேல் சேர்த்தால் செலவும் புகையும் கூடும். தொலைவிலிருந்து லாரியில் மண் வந்தாலும் இலாபம் குறையும். மனையிலோ அருகிலோ ஏற்ற மண் கிடைக்கும் இடத்தில்தான் இது மலிவானது. மண் எடுத்த குழியை மழைநீர்த் தொட்டியாக்கினால் அதுவும் வீட்டுக்குப் பயன்படும்.