ஸ்டார் என்பது மார்க் இல்லை, மனு!

“இந்த கேமுக்கு 4.4 ஸ்டார் இருக்கும்மா, இறக்கிக்கட்டுமா?” என்று ஆறாம் வகுப்புப் பையன் போனை நீட்டினால், பல வீடுகளில் அந்த எண்ணைப் பார்த்தே அனுமதி கிடைத்துவிடும். 5-க்கு 4.4 என்றால் நூற்றுக்கு 88. பரீட்சையில் எடுத்தால் வீட்டில் பாயசம் வைக்கிற மார்க்!

ஆனால், கேமின் பெயருக்குக் கீழே நிற்கிற அந்த எண், மார்க்கே இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். ஒரு கேமுக்கு 100 பேர் ஸ்டார் போடுகிறார்கள். எல்லோரும் 4 ஸ்டார் போட்டால் சராசரி 4.0. இன்னொரு கேமுக்கு 75 பேர் 5 ஸ்டார் போட்டு, மீதி 25 பேர் கடுப்பாகி ஒரு ஸ்டார் போட்டாலும் சராசரி அதே 4.0-தான். முதல் கேம் எல்லோருக்கும் ஓரளவு பிடித்தது. இரண்டாவது கேம், நாலு பேரில் ஒருவரைக் கொதிக்க வைத்தது. கடையில் இரண்டும் ஒரே எண்ணோடு பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

நிஜத்தில் நடப்பது பெரும்பாலும் இரண்டாவது வகைதான். சுமாராக இருந்தது என்று நினைப்பவர் ஸ்டார் போடவே மெனக்கெடுவதில்லை. ரொம்பப் பிடித்தவரும் ரொம்ப வெறுத்தவரும்தான் வருகிறார்கள். அமேசான் விமர்சனங்களை வைத்து 2009-ல் வெளிவந்த ஓர் ஆய்வுக் கட்டுரை, இந்த வடிவத்தை ஆங்கில ‘ஜே’ எழுத்துக்கு ஒப்பிட்டது. ஒரு ஸ்டாரில் சின்ன மேடு, நடுவில் பள்ளம், 5 ஸ்டாரில் மலை! அதே ஆண்டு யூடியூபும், தன் வீடியோக்களுக்கு விழும் ரேட்டிங்கில் 5 ஸ்டார்தான் மிக அதிகம் என்று வெளிப்படையாகச் சொன்னது. 2010-ல் ஸ்டாரைத் தூக்கிவிட்டுக் கட்டைவிரலுக்கு மாறியது. நெட்ஃப்ளிக்ஸ் 2017-ல் அதே வழிக்கு வந்தது.

கம்ப்யூட்டர் கேம்களை விற்கும் மிகப் பெரிய ஆன்லைன் கடையான ‘ஸ்டீம்’-ல் ஸ்டாரே கிடையாது. ‘பரிந்துரைக்கிறேன்’, ‘பரிந்துரைக்கவில்லை’ என்று கட்டைவிரலை மேலேயோ கீழேயோ காட்ட வேண்டும், அவ்வளவுதான். எழுதியவர் அந்த கேமை எத்தனை மணி நேரம் ஆடினார் என்பதும் பக்கத்திலேயே தெரியும். இங்கேயும் சிக்கல் உண்டு. 100 பேரும் ‘பரவாயில்லை, ஆடலாம்’ என்று விரலை உயர்த்தினால் 100 சதவிகிதம் வந்துவிடும். அதற்காக அது உலகமகா கேம் என்று அர்த்தமில்லை.

அப்படியென்றால் இந்த எண்ணெல்லாம் எதைத்தான் சொல்கிறது? 2024 மே மாதம் நடந்த ‘ஹெல்டைவர்ஸ் 2’ விவகாரத்தைப் பார்த்தால் புரியும்.

ஸ்வீடனைச் சேர்ந்த ஆரோஹெட் நிறுவனம் உருவாக்கி, சோனி வெளியிட்ட கேம் அது. அந்த ஆண்டு பிப்ரவரியில் வந்தது. நண்பர்கள் சேர்ந்து பூச்சிகளையும் ரோபோக்களையும் சுட்டுத் தள்ளும் ஆட்டம். மூன்றே மாதத்தில் 1.2 கோடி பிரதிகள் விற்று, சோனியே எதிர்பார்க்காத ஹிட்.

மே 3, வெள்ளிக்கிழமை. கம்ப்யூட்டரில் ஆடுகிறவர்களும் இனி சோனியின் பிளேஸ்டேஷன் கணக்கை இணைத்தே ஆக வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. பாதுகாப்புக்காக என்று சோனி காரணம் சொன்னது. விதி ஆரம்பத்திலிருந்தே இருந்ததுதான். வெளியான நேரத்துத் தொழில்நுட்பக் கோளாறுகளால் தள்ளிவைத்திருந்தார்கள். ஆனால், அந்தக் கணக்கு அதிகாரபூர்வமாகக் கிடைக்காத நாடுகளும் பிரதேசங்களும் நூற்றுக்கு மேல். அங்கெல்லாம் காசு கொடுத்து வாங்கி, மூன்று மாதமாக ஆடிக்கொண்டிருந்தவர்கள் என்ன செய்வார்கள்? பணம் போனது போனதுதானா?

அவர்கள் கையில் இருந்தது அந்தக் கட்டைவிரல் ஒன்றுதான். சனி, ஞாயிறு முடிவதற்குள் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான எதிர்மறை விமர்சனங்கள் குவிந்தன. நூற்றுக்கணக்கான மணி நேரம் ரசித்து ஆடியவர்களும் விரலைக் கீழே காட்டினார்கள். கணக்குப் பிரச்னையே இல்லாத நாட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். வெள்ளிக்கிழமை இருந்த அதே கேம்தான் ஞாயிற்றுக்கிழமையும் இருந்தது. ஒரு பூச்சிகூட மாறவில்லை. மாறியது நிறுவனத்தின் மீதான கோபம் மட்டும்தான்.

திங்கட்கிழமை சோனி பின்வாங்கியது. கணக்கு இணைப்பு கட்டாயமில்லை என்று அறிவித்தது. பலர் திரும்பி வந்து விரலை மறுபடி மேலே உயர்த்தினார்கள். அந்த எதிர்ப்பு அலையின் வரைபடத்தையே, பின்னாளில் கேமுக்குள் வீரர்கள் தோளில் போட்டுக்கொள்ளும் மேலங்கியின் டிசைனாகக் கொடுத்தது ஆரோஹெட். அடி வாங்கியதையே நினைவுப் பரிசாக்கிய சாமர்த்தியம்!

இதை விமர்சனம் என்று சொல்வதைவிட மனு என்று சொல்வதே பொருத்தம். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை கொடுக்கிற மனு மாதிரி. குறை தீர்ந்தால் வாபஸ். வேறு எங்கே சொன்னாலும் கேட்காத நிறுவனம், விற்பனைப் பக்கத்தில் எண் இறங்கினால் கேட்கிறது. அதனால் எல்லோரும் அங்கேயே வந்து கத்துகிறார்கள்.

இந்த ஆயுதம் எப்போதும் நியாயத்தின் பக்கமே நிற்கும் என்று சொல்ல முடியாது. 2020 ஜூனில் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’ வெளியானபோது, சில மணி நேரத்திலேயே ‘மெட்டாக்ரிடிக்’ தளத்தில் ஆயிரக்கணக்கானோர் பூஜ்யம் போட்டார்கள். கதையை முடிக்கவே 20 மணி நேரத்துக்கு மேல் ஆகும் கேம் அது! அடுத்த மாதமே, கேம் வெளியாகி 36 மணி நேரம் கழிந்த பிறகுதான் ரசிகர்கள் மதிப்பெண் போடலாம் என்று அந்தத் தளம் விதியை மாற்றியது. கேமுக்குச் சம்பந்தமில்லாத கோபத்தில் குவிகிற விமர்சனங்களைக் கண்டுபிடித்து, மதிப்பீட்டுக் கணக்கில் சேர்க்காமல் விடும் முறையை ஸ்டீம் 2019-லேயே கொண்டு வந்துவிட்டது.

நம் நாட்டிலும் இந்தக் கூத்து உண்டு. 2017-ல் ‘ஸ்னாப்சாட்’ தலைவர் இந்தியாவை ஏழை நாடு என்று சொன்னதாக ஒரு செய்தி பரவியது. நிறுவனம் அதை மறுத்தது. ஆனாலும் ஒரு ஸ்டார் மழை பொழிந்தது. அவசரத்தில் சிலர், பெயர் ஒரே மாதிரி இருந்ததால் நம் ஊர் ‘ஸ்னாப்டீல்’ ஆப்புக்கும் போய் ஒரு ஸ்டார் போட்டுவிட்டார்கள். பாவம், அவர்கள் என்ன செய்தார்கள்?

பழைய கோபம் எண்ணில் எத்தனை காலம் தங்கும் என்பதற்கு ‘நோ மேன்ஸ் ஸ்கை’ சாட்சி. 2016 ஆகஸ்டில் வந்த இந்த இங்கிலாந்து கேம், சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று வாங்கிக் கட்டிக்கொண்டது. உருவாக்கிய சின்னக் குழு ஓடிப்போகாமல், வருடக்கணக்கில் இலவச அப்டேட்டாகக் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஸ்டீமில் அதன் ஒட்டுமொத்த மதிப்பீடு ‘மிகவும் சாதகம்’ என்ற நிலையைத் தொட்டது 2024 இறுதியில்தான். எட்டு வருடம்! அதற்கு வெகு முன்பே கேம் நன்றாகிவிட்டது. எண்தான் நொண்டிக்கொண்டே வந்தது.

சரி, போனுக்கு வருவோம். இங்கே முக்கியமான விஷயம், ஸ்டாரை எப்போது கேட்கிறார்கள் என்பது. கஷ்டமான லெவலை ஜெயித்து, திரையில் பட்டாசு வெடிக்கும் அந்த நொடியில்தான் ‘எங்களுக்கு ரேட்டிங் கொடுங்கள்’ என்ற பெட்டி எட்டிப் பார்க்கும். தோற்று எரிச்சலில் இருக்கும்போது எந்த கேம் கேட்கும்? ‘கேம் பிடித்திருக்கிறதா?’ என்று முதலில் கேட்டு, ‘ஆம்’ என்பவரை மட்டும் கடைப் பக்கத்துக்கும், ‘இல்லை’ என்பவரைத் தங்கள் மெயிலுக்கும் அனுப்பிய தந்திரமும் இருந்தது. ரேட்டிங் பெட்டிக்கு முன்னால் அப்படிக் கேட்கக் கூடாது என்கிறது கூகுள். ஆப்பிளோ, தன் ரேட்டிங் பெட்டியை ஓர் ஆப் வருடத்துக்கு மூன்று முறைக்கு மேல் காட்ட விடுவதில்லை.

இன்னொன்று, ப்ளே ஸ்டோரில் நீங்கள் பார்ப்பது உலகத்தின் தீர்ப்பு அல்ல. 2021 நவம்பரிலிருந்து போனில் அந்தந்த நாட்டு ரேட்டிங்கைக் காட்டத் தொடங்கியது கூகுள். சிங்கப்பூரில் இருக்கும் சித்தப்பா மகன் போனில் அதே கேமுக்கு வேறு எண் தெரிந்தால் ஆச்சர்யப்பட வேண்டாம். பழைய ஸ்டார்களைவிடப் புதியவற்றுக்கு அதிக மதிப்பு கொடுக்கும் முறையையும் 2019-ல் கொண்டு வந்தார்கள். நோ மேன்ஸ் ஸ்கை போல உழைத்துத் தேறியவர்களுக்கு அது ஆறுதல்.

எண்ணைவிட எழுத்து மேல். 5 ஸ்டார் போட்டவர்கள் பெரும்பாலும் ‘சூப்பர்’, ‘நைஸ் கேம்’ என்பதோடு முடித்துக்கொள்வார்கள். ‘5 ஸ்டார் தர்றேன், அடுத்த அப்டேட்ல புது கார் கொடுங்க’ என்று லஞ்சம் கொடுக்கிற சுட்டிகளும் உண்டு. ஒரு ஸ்டார்க்காரர்கள்தான் விவரமாக எழுதுவார்கள். அப்டேட் செய்ததும் சேர்த்துவைத்த காயின் காணாமல் போனது, பணம் பிடித்தும் பொருள் வரவில்லை, குறைந்த விலை போனில் திறக்கவே இல்லை, ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இடையில் விளம்பரம்... உங்கள் வீட்டுப் போனுக்கும் பர்ஸுக்கும் சம்பந்தப்பட்டவை எவை என்று பார்த்தால் போதும். ‘புதியவை முதலில்’ என்று வரிசை மாற்றி, இரண்டு, மூன்று ஸ்டார் விமர்சனங்களையும் படிக்கலாம். நடுவில் நின்று பேசுகிற அபூர்வ மனிதர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்திலேயே பெற்றோர் குழப்பிக்கொள்ளும் இன்னோர் எண் உண்டு. 3+, 7+, 12+ என்று சின்னக் கட்டத்துக்குள் இருக்கும். அதற்கும் பெயர் ரேட்டிங்தான். ஆனால், ஆடியவர்கள் போட்டது அல்ல. வன்முறை, கெட்ட வார்த்தை, சூதாட்டம் இருக்கிறதா என்ற கேள்வித்தாளுக்கு கேமை உருவாக்கியவர் தரும் பதில்களை வைத்து, சர்வதேச வயது மதிப்பீட்டு முறை கொடுப்பது. 3+ என்ற கேமிலும் நிமிடத்துக்கு ஒரு விளம்பரம் வரலாம். அது அந்தக் கட்டத்தில் தெரியாது. பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ‘விளம்பரங்கள் உள்ளன’, ‘ஆப்ஸில் வாங்குதல்’ என்று இருக்கிறதா என்று தேட வேண்டும்.