ஈயக் குண்டும் இரண்டு உயிர்களும்

1967 ஜனவரி 12, மாலை நேரம். சென்னை ராமாவரம் தோட்டத்தில் எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது. சுட்டவர் நடிகர் எம்.ஆர்.ராதா என்று நீதிமன்றம் பின்னர் தீர்ப்பளித்தது.  ராதாவின் உடலிலும் குண்டுக் காயங்கள். அவ்வளவு அருகிலிருந்து சுட்டும் இருவரும் பிழைத்துக்கொண்டார்கள். ஆயுசு கெட்டி என்று ஊரே பேசியது. தடய அறிவியல் சொன்ன காரணம் வேறு.

அந்தத் தோட்டாக்கள் பல ஆண்டுகளுக்கு முன் வாங்கப்பட்டவை. மேசை இழுப்பறையில் கிடந்து, திறந்து மூடும்போதெல்லாம் உருண்டு உரசி, குண்டைப் பற்றியிருந்த குப்பியின் பிடி தளர்ந்திருந்தது. பிடி தளர்ந்தால் வெடிமருந்தின் அழுத்தம் முழுதாகச் சேரும் முன்பே குண்டு கிளம்பிவிடும். வேகமும் குறைந்துபோகும்.

கைத்துப்பாக்கிக் குண்டு பட்டதும் ஆள் பத்தடி தள்ளி விழுவது சினிமாவில் மட்டும்தான். ரைஃபிள் குண்டின் வேகத்தில் பாதிகூட இதற்குப் பெரும்பாலும் இருக்காது. தசை விரிந்துகொடுத்து மீண்டுவிடும். குண்டு துளைத்த பாதைதான் நிலையான சேதம். ஈரல் போல விரிந்துகொடுக்காத உறுப்பு மட்டும் கிழிந்துபோகும். ஆகவே குண்டு எவ்வளவு ஆழம் போகிறது, போகும்போது எவ்வளவு அகலமாகிறது என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

அதை அளக்க ஆய்வகங்கள் ஜெலட்டின் கட்டியைப் பயன்படுத்துகின்றன. விலங்குத் தோலில் இருக்கும் கொலாஜன்தான் இதற்கு மூலம். நீரில் 10 சதவீதம் கரைத்து, 4 டிகிரி குளிரில் வைத்தால் தசையைப் போலவே குண்டைத் தடுக்கும் என்று அமெரிக்க ராணுவ அறுவை மருத்துவர் மார்ட்டின் ஃபேக்லர் நிலைநாட்டினார்.

முழுதும் செம்புக் கவசம் போட்ட 9 மி.மீ. குண்டு இந்தக் கட்டியில் உருமாறாமல் 60 செ.மீ.யையும் தாண்டிப் போகும். மனித உடலில் அது மறுபுறம் வெளியேறி, பின்னால் நிற்பவர்மேல் பாயலாம். வேகம் குறைந்த உருண்டை முனை ஈயக் குண்டும் பெரும்பாலும் வடிவம் மாறாது. முனையில் குழி உள்ள குண்டோ ஈரப்பொருளில் புகுந்ததும் பூப்போல விரிந்து, அகலமான வழி போட்டுச் சீக்கிரம் நின்றுவிடும். சீக்கிரம் நிற்பதிலும் ஆபத்து உண்டு. 1986 ஏப்ரல் 11 அன்று மயாமியில் நடந்த மோதலில் கொள்ளையன் உடலில் பாய்ந்த குண்டு இதயத்தை எட்டாமல் நின்றது. அவன் தொடர்ந்து சுட்டான். எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இருவர் இறந்தனர். ஜெலட்டினில் 30 முதல் 45 செ.மீ. வரை போக வேண்டும் என்ற அளவுகோல் அதன் பிறகு வந்ததுதான்.

ஜவுளி ஊர்க்காரனான என்னை வியக்க வைத்தது துணியின் பங்கு. உடுத்திய துணியின் நூல் குழிக்குள் அடைத்துக்கொண்டால், விரிய வேண்டிய குண்டு விரியாமலே கவசக் குண்டு போல நெடுந்தூரம் போய்விடும். அதனால்தான் கட்டியின் முன்னால் நான்கு மடிப்பு ஜீன்ஸ் துணியைப் போர்த்தியும் சுட்டுப் பார்க்கிறார்கள்.

விரியும் குண்டுக்கு நம் நாட்டோடு கசப்பான தொடர்பு உண்டு. 1890-களில் கல்கத்தா அருகே டம்டம் ஆயுதச் சாலையில் பிரிட்டிஷார் செய்த ரைஃபிள் குண்டு உலகெங்கும் அந்த ஊர்ப் பெயரையே பெற்றது. 1899-இல் ஹேக் மாநாடு இவ்வகைக் குண்டுகளைப் போரில் தடை செய்தது. ஆனால் பக்கத்தில் நிற்பவரைக் காக்க என்று பல நாட்டுப் போலீசார் இன்று அவற்றையே வைத்திருக்கிறார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனாலும், காயப்படுபவன் உடலை அதிகம் சிதைக்கும் ஆயுதம் இது என்பதை மறைத்துப் பேசக் கூடாது.

மருத்துவமனை ஊழியர்களுக்கும் உறவினர்களுக்கும் ஒரு வேண்டுகோள். குண்டடிபட்டவரின் சட்டையைத் துவைக்காதீர்கள். துளை விழுந்த இடத்தில் கத்தரிக்காதீர்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் திணிக்காதீர்கள். உலர்த்தி, காகிதத்தில் சுற்றிக் காவல்துறையிடம் கொடுங்கள். சுட்ட தூரத்தைச் சொல்லும் வெடிமருந்துக் கரி அந்தத் துணியில்தான் படிந்திருக்கும்.