தோற்றவர் கற்பித்த பாடம்

மாணவரின் புள்ளிகளை எண்ணியே காலங்கழித்த ஆசிரியன் நான். அமெரிக்காவின் பசடீனா நகரிலுள்ள 'கல்டெக்' என்னும் சிறிய விஞ்ஞான சர்வகலாசாலையின் கதை என்னை நாணச் செய்தது.

அங்கு இளங்கலை மாணவர் ஏறத்தாழ ஆயிரவரே. விளையாட்டுத் திறனுக்கெனப் புலமைப்பரிசில் எதுவும் வழங்கப்படுவதில்லை. அதன் ஆடவர் கூடைப்பந்தாட்டக் குழு, தென் கலிபோர்னியக் கல்லூரிச் சங்கப் போட்டிகளில், 1985 முதல் 310 ஆட்டங்களில் இடையறாது தோற்றது. ஆயினும் ஆண்டுதோறும் புதிய மாணவர் வந்து சேர்ந்தனர். பௌதிகமும் கணிதமும் பயின்ற கைகளாற் பந்தையும் ஏந்தினர். 2011 பெப்ரவரி 22இல் ஒக்சிடென்ரல் கல்லூரியை 46–45 என வென்றனர்.

அந்த ஒரு புள்ளியைப் போற்றுகின்றேன். அதனினும் மேலாக, அச்சங்கப் போட்டிகளில் ஒருமுறையேனும் வெல்லாது, ஆடுவதையுங் கைவிடாது பட்டம் பெற்றுச் சென்றவரைப் போற்றுகின்றேன். அவர்க்குப் புள்ளியிட என்னிடம் அளவுகோல் இல்லை.