கல்லூரிப் படிவத்துக்கு முன் நிரப்ப வேண்டிய ஒரு தாள்

பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் நம் வீடுகளில் ஒரே பேச்சுதான்: "அடுத்து என்ன சேர்க்கலாம்?" மாமா ஒன்று சொல்வார். வெளிநாட்டில் இருக்கும் அண்ணன் வேறொன்று சொல்வார். எதிர்வீட்டுப் பையன் எந்தக் கல்லூரியில் சேர்ந்தான் என்று விசாரிப்போம். படிக்கப்போகும் பிள்ளையைக் கடைசியில்தான் கேட்போம். அதுவும் "உங்க இஷ்டம் அத்தா" என்று சொல்லிவிடும்.

அந்த ஒரு சொல்லை நம்பி நகையை அடகு வைத்துக் கட்டணம் கட்டுகிறோம். இரண்டாம் ஆண்டுக்குள் அரியர் குவிந்து, பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் பணம் போனது ஒரு பக்கம். "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று அந்தப் பிள்ளை நினைக்கத் தொடங்குவது அதைவிடப் பெரிய நஷ்டம். உண்மையில் பிள்ளையிடம் குறை இல்லை. பொருத்தம் பார்க்காமல் சேர்த்ததுதான் குறை.

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1908-ல் ஃபிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டும் அலுவலகம் ஒன்றைத் தொடங்கினார். அவர் சொன்ன வழியில் மூன்று படிகள் உண்டு: முதலில் தன்னை அறிவது, பிறகு வேலைகளைப் பற்றி அறிவது, கடைசியாக இரண்டையும் பொருத்திப் பார்ப்பது. நாம் முதல் படியை விட்டுவிட்டு நேராக இரண்டாம் படிக்குத் தாவிவிடுகிறோம்.

முதல் படிக்குச் செலவு இல்லை. ஒரு தாளை நான்காக மடித்து, நான்கு கட்டங்களிலும் பிள்ளையே தன் கையால் எழுதட்டும்.

1. எது பிடிக்கிறது?

ஜான் ஹாலண்ட் என்ற உளவியல் அறிஞர் மனிதர்களின் தொழில் ஆர்வத்தை ஆறு வகையாகப் பிரித்தார். கருவி, இயந்திரம் என்று கையால் வேலை செய்வது. ஏன், எப்படி என்று ஆராய்வது. வரைவது, எழுதுவது, புதிதாக உருவாக்குவது. கற்றுக்கொடுப்பது, பிறரைக் கவனித்துக்கொள்வது. பேசி விற்பது, நாலு பேரை வழிநடத்துவது. கணக்கு, பதிவேடு என்று ஒழுங்காக வைத்துக்கொள்வது. பெரும்பாலோரிடம் இரண்டு மூன்று வகைகள் கலந்தே இருக்கும். யாரும் சொல்லாமல் தானாகச் செய்யும் வேலைகள் எந்த வகையில் வருகின்றன என்று பிள்ளை பார்க்கட்டும்.

2. எது வருகிறது?

பிடிப்பது வேறு, வருவது வேறு. கிரிக்கெட் பிடிக்கும் எல்லோருக்கும் பந்து போட வராது. "எனக்குக் கணக்கு வரும்" என்று எழுதினால் போதாது, பக்கத்திலேயே ஆதாரமும் இருக்க வேண்டும். மூன்று ஆண்டு மதிப்பெண்களைப் பாடவாரியாக எழுதட்டும். மதிப்பெண்ணில் தெரியாத திறமைகளும் உண்டு. தெருப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது, கடையில் தனியாக வியாபாரம் பார்த்தது, பழுதான மின்விசிறியைச் சரிசெய்தது எல்லாம் இந்தக் கட்டத்தில் வரும்.

3. எது முக்கியம்?

சீக்கிரம் சம்பாதிப்பதா, நிரந்தர வேலையா, சொந்தத் தொழிலா? ஊரிலேயே இருப்பதா, வெளியூர் போகவும் தயாரா? இதில் சரி, தவறு என்று ஒன்றும் இல்லை. உண்மையை எழுதினால் போதும்.

4. வீட்டு நிலைமை என்ன?

எத்தனை ஆண்டு படிக்க வைக்க முடியும்? ஆண்டுக்கு எவ்வளவு கட்ட முடியும்? இந்தக் கட்டத்தை மட்டும் பெற்றோர் பிள்ளையோடு உட்கார்ந்து நிரப்புங்கள். கஷ்டத்தை மறைக்க வேண்டாம்.

எழுதி முடித்ததும் ஓர் ஆசிரியர், வீட்டில் ஒருவர், ஒரு நண்பர் என்று மூவரிடம் தனித்தனியாக, "எனக்கு எது நன்றாக வரும்?" என்று பிள்ளை கேட்கட்டும். தாளும் அவர்கள் சொல்வதும் எங்கே மாறுபடுகின்றனவோ அங்கே நின்று யோசிக்க வேண்டும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையன். கணக்கில் 48, அறிவியலில் 55. விடுமுறையில் அத்தாவின் ஹார்டுவேர் கடையில் உட்காருகிறான். அக்கம்பக்கத்து மிக்சியைக் கழற்றி மாட்டுகிறான். வீட்டில் எல்லோரும் கம்ப்யூட்டர் இன்ஜினீயரிங் என்கிறார்கள். தாளோ கைவேலை, வியாபாரம் இரண்டையும் காட்டுகிறது. ஐடிஐ-யில் எலக்ட்ரீஷியன் படிப்பு இரண்டு ஆண்டு. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரிக்கல் டிப்ளமோ மூன்று ஆண்டு. டிப்ளமோ முடித்து, கணக்கிலும் தேறிவிட்டால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது. இன்ஜினீயரிங் கனவை யாரும் பறிக்கவில்லை. அவனுக்கு ஏற்ற வாசல் வழியாகப் போகிறான், அவ்வளவுதான்.

பதினொன்றாம் வகுப்பில் குரூப் எடுக்கும்போதும் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவத்துக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். தமிழகப் பொறியியல் கலந்தாய்வில் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என்று 200-க்குத் தரவரிசை போடுகிறார்கள். கணக்கே பிடிக்காத பிள்ளையை அந்த வரிசையில் நிறுத்துவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள். சி.ஏ. படிக்க எந்த குரூப்பும் தடையில்லை.

பெண் பிள்ளைக்கும் இதே தாள்தான். "பக்கத்தில் இருக்கும் கல்லூரியில் எது கிடைக்கிறதோ அது" என்று முடிவு செய்துவிட்டுப் பிறகு தாளைக் கொடுப்பதில் பயன் இல்லை.

பணம் கட்டும் முன் இன்னொன்றும் செய்யுங்கள். அந்த வேலையில் இருப்பவரோடு பிள்ளை இரண்டு மூன்று நாள் இருந்து பார்க்கட்டும். விவரம் கேட்க மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படிப்பவர்கள் 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்ட வழிகாட்டுதல் பற்றித் தங்கள் ஆசிரியரிடம் கேட்கலாம்.

இந்தத் தாள் தலையெழுத்து அல்ல. பதினைந்து வயதில் இருக்கும் ஆர்வம் பதினேழில் மாறலாம். தேதி போட்டுப் பத்திரப்படுத்துங்கள், பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் புதிதாக ஒன்று எழுதி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். அடுத்த முறை "என்ன படிக்கப் போற?" என்று யாராவது கேட்டால், "உங்க இஷ்டம்" என்பதற்குப் பதிலாக உங்கள் பிள்ளை காரணத்தோடு பதில் சொல்லும்.