கேமராவைத் தடுக்கும் காவல்காரர்!

குட்டீஸ்... உங்கள் வீட்டு வாசலில் பாதுகாப்பு கேமரா இருக்கிறதா? காலிங் பெல் அடிப்பது யார் என்று கம்ப்யூட்டரிலேயே பார்த்து விடலாம். ஆனால், சில வீடுகளில் திடீரென்று ஒரு நாள் படமே வராது. 'இந்த முகவரி தடுக்கப்பட்டது' என்று ஓர் எச்சரிக்கை மட்டும் வரும். கேமராவில் கோளாறு இல்லை. கம்ப்யூட்டரிலும் கோளாறு இல்லை. பிறகு தடுப்பது யார்? கம்ப்யூட்டரைக் காக்கும் ஆன்டி வைரஸ்தான்!

ஒரு காவல்காரர் இன்னொரு காவல்காரரைத் தடுப்பதா? ஏன் என்று பார்ப்போமா...

அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் புதிதாக ஒரு வாட்ச்மேன் வந்திருக்கிறார். ஊரிலிருந்து உங்கள் தாத்தா வருகிறார். வாட்ச்மேனுக்கு அவரைத் தெரியாது. கேட்டிலேயே நிறுத்தி விடுகிறார். அது அவருடைய வேலை. ஆன்டி வைரசும் அப்படித்தான்!

தடுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. முக்கியமானவை 3:

* ஆன்டி வைரசோடு வரும் 'பயர்வால்' என்னும் தடுப்புச்சுவர், உங்கள் வீட்டு வைபையை ரயில் நிலைய வைபை போலப் பொது இடம் என்று நினைத்திருக்கலாம். அப்போது மற்ற கருவிகள் பேச வந்தால் பதில் சொல்லாது.

* வங்கி இணையதளங்களுக்கு, நம்பகமான நிறுவனங்கள் அடையாளச் சான்றிதழ் தருகின்றன. பல கேமராக்களோ தமக்குத் தாமே சான்றிதழ் கொடுத்துக் கொள்கின்றன. ரேங்க் கார்டில் தானே கையெழுத்துப் போட்டு வரும் மாணவனை டீச்சர் நம்புவாரா?

* ஆன்டி வைரசுக்கும் சில நேரம் கண் ஏமாறும். 2010 ஏப்ரல் 21ல், 'மெக்காபி' ஆன்டி வைரசின் ஓர் அப்டேட், விண்டோஸ் எக்ஸ்பியின் முக்கியமான கோப்பையே வைரஸ் என்று நினைத்து விட்டது. பல நாடுகளில் ஏராளமான கம்ப்யூட்டர்கள் திரும்பத் திரும்ப அணைந்து, எரிந்து திண்டாடின!

'அப்படியானால் ஆன்டி வைரசை அணைத்து விடலாமே' என்கிறீர்களா? கூடவே கூடாது! எச்சரிக்கை உண்மையாகவும் இருக்கலாம்.

2016ல் 'மிராய்' என்ற தீய மென்பொருள் கிளம்பியது. ஜப்பானிய மொழியில் மிராய் என்றால் எதிர்காலம். கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்ட கேமராக்களையும், ரவுட்டர்களையும் அது தேடிப் பிடித்தது. எல்லாரும் அறிந்த 60க்கும் மேற்பட்ட பெயர், பாஸ்வேர்டு ஜோடிகளைப் போட்டுப் பார்த்தே உள்ளே நுழைந்தது. அக்டோபர் 21ல், அப்படிப் பிடிபட்ட கருவிகள் சேர்ந்து, இணையதளங்களுக்கு வழிகாட்டும் 'டைன்' என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கின. ட்விட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற தளங்கள் பலருக்குப் பல மணி நேரம் திறக்கவில்லை. கேமராவின் சொந்தக்காரர்களில் பெரும்பாலோருக்கு இது தெரியவே தெரியாது!

சரி, என்ன செய்யலாம்? அப்பா, அம்மா அல்லது அக்கா, அண்ணனைப் பக்கத்தில் வைத்துக் கொள்ளுங்கள்.

1. எச்சரிக்கையை முழுதாகப் படியுங்கள். தடுக்கப்பட்டது கேமராவின் முகவரியா, படம் காட்டும் மென்பொருளா என்று குறித்துக் கொள்ளுங்கள்.

2. பல வீடுகளில் கருவிகளின் முகவரி 192.168 என்று தொடங்கும். ரவுட்டரில் உள்ள கருவிகளின் பட்டியலோடு அதை ஒப்பிடுங்கள். அது உங்கள் கேமராவின் முகவரி இல்லையென்றால் அனுமதிக்காதீர்கள்.

3. கேமரா மென்பொருளை, அதைத் தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே எடுக்க வேண்டும். வேறு எங்கிருந்தோ வந்தது என்றால் நீக்கி விடுங்கள். பிறகு, ஆன்டி வைரசையும் கேமராவையும் அப்டேட் செய்யுங்கள். பல நேரங்களில் இதிலேயே சரியாகி விடும்.

4. கம்ப்யூட்டரின் நெட்வொர்க் அமைப்பில், வீட்டு வைபையை 'தனியார்' என்று மாற்றுங்கள். வெளி இடங்களில் 'பொது' என்றே இருக்கட்டும்.

5. அப்போதும் படம் வராவிட்டால், ஆன்டி வைரஸ் அமைப்பில் உள்ள 'விதிவிலக்கு' பட்டியலில் அந்த ஒரு முகவரியை அல்லது அந்த ஒரு மென்பொருளை மட்டும் சேருங்கள். 'இவர் எங்கள் தாத்தா, இவரை விடுங்கள்' என்று வாட்ச்மேனிடம் சொல்வது போல! தாத்தாவுக்காகக் கேட்டை நாள் முழுவதும் திறந்து போடுவோமா?

6. கேமராவோடு வந்த பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். உங்கள் பெயர், பிறந்த நாள் வேண்டாம். நெருங்கிய நண்பனாக இருந்தாலும் சொல்லக் கூடாது!

உங்கள் வீட்டுக் கேமராவின் பாஸ்வேர்டு, அதை வாங்கிய நாளிலிருந்து மாற்றப்படாமலே இருக்கிறதா? இன்றைக்கே அப்பாவிடம் கேட்டு விடுங்கள் குட்டீஸ்!