கிடாரத்தடியில் யார் நிற்பது?

வைகாசியில் மட்டக்களப்பில் கண்ணகை அம்மன் சடங்குக்கு அன்னதானம் சமைக்கும்போது கோயிலின் பின்பக்கம் போய்ப் பாருங்கள். யாரும் யாருக்கும் வேலை பிரித்துக் கொடுப்பதில்லை. ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நேரே கிடாரத்தடிக்குப் போய் விறகைத் தள்ளுவார். இன்னொருவர் எத்தனை கொத்து அரிசி போட்டது என்று கேட்டுக் கொப்பியில் எழுதுவார். வேறொருவர் அடுப்புப் பக்கமே வரமாட்டார். ஆனால் தேங்காய் தட்டுப்பாடானால் எந்த வீட்டில் கேட்கலாம் என்பது அவருக்குத்தான் தெரியும்.

கட்டுமானத் தொழிலுக்குள் மாணவர்கள் இடம்பிடிப்பதும் ஏறக்குறைய இப்படித்தான். அமெரிக்க உளவியலாளர் ஜோன் ஹொலண்ட் 1959இல் வெளியிட்டு, பின்னர் வளர்த்தெடுத்த கோட்பாட்டில் ஆறு சுபாவங்கள்: கைவேலைக்காரர், துருவி ஆராய்பவர், புதிதாய்ப் படைப்பவர், ஆட்களோடு பழகுபவர், முன்னின்று நடத்துபவர், ஒழுங்காய்க் கணக்கு வைப்பவர். ஒருவரிடம் இரண்டு மூன்று கலந்திருக்கும். விறகு தள்ளுகிறவர் மேசனாகலாம். கொப்பிக்காரர் கல்லும் கம்பியும் சீமெந்தும் எவ்வளவு, என்ன விலை என்று கணக்கிடும் கணிய அளவையாளராகலாம். தேங்காய்க்கு ஆள் பிடிக்கிறவர்தான் கொந்தராத்துக்காரர். வாவிக்கரையில் கொஞ்சம் தோண்டினாலே தண்ணீர் ஊறும் மணலில் அத்திவாரம் எப்படி நிற்கும் என்று மண்டையைக் குடைகிறவருக்கு மண் பொறியியல் இருக்கிறது. வீட்டுப்படம் கீறுகிறவர், வேலைத்தளத்தில் பாதுகாப்பைப் பார்க்கிறவர் என்று மற்றச் சுபாவங்களுக்கும் இடமுண்டு.

இதுவரை எல்லாம் அழகாகப் பொருந்துகிறது. சிக்கல் அடுப்படி வாசலில்தான்.

இன்னோர் அமெரிக்க உளவியலாளர் லிண்டா கொட்ஃபிரட்சன் 1981இல் சொன்னது இது: பிள்ளைகள் தமக்குப் பிடித்ததைத் தேடுவதற்கு முன்பே, தமக்கில்லை என்று பல தொழில்களைக் கழித்துவிடுகிறார்கள். ஆறு, எட்டு வயதுக்குள் ஆண் வேலை, பெண் வேலை என்று ஒரு வடிகட்டல். பிறகு பதின்மூன்று வயதுக்குள் மதிப்பான வேலை, மதிப்பில்லாத வேலை என்று இன்னொன்று. சுபாவத்துக்கு வாய் திறக்கும் முறை அதற்கப்புறந்தான் வருகிறது. வீட்டுக் குசினி பெண்ணுக்கு என்று சொல்லும் அதே ஊர், கிடாரம் வந்ததும் அகப்பையை ஆணின் கையில் கொடுத்துவிடுகிறதே! அங்கே யாருடைய சுபாவத்தை யார் கேட்டார்கள்? சாரமரத்தில் பெண் ஏறாததற்கும் இதே வடிகட்டல்தான் பெருங்காரணம் என்பது என் எண்ணம்.

மதிப்பு என்ற வடிகட்டி இன்னும் நெருக்கமானது. நம் வீடுகளில் கட்டுவேலை என்றால் இரண்டே உருவம்: மேலே பொறியியலாளர், கீழே மேசன். நடுவிலுள்ள வரைஞர், நில அளவையாளர், கணிய அளவையாளர் எவரும் பிள்ளையின் கண்ணில் படுவதில்லை. இத்தனைக்கும் 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடுகள் எழும்பின. 1924இல் கட்டிய கல்லடிப் பாலத்தின் அருகே 2013இல் புதுப்பாலம் வந்தது. மண்முனையில் ‘பாதை’ என்னும் மிதவையில் ஏறி வாவியைக் கடந்த மேற்குக்கரை, அதாவது படுவான்கரைக்காரருக்கு 2014இல் பாலம் கிடைத்தது. இவற்றில் எத்தனை வகைத் தொழிலாளர் வேலை செய்தார்கள் என்று எந்தப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்தோம்? 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பத் துறை தொடங்கியது நல்ல காரியம். ஆனால் அதற்குள்ளும் “கணிதம் ஓடாதவர்களுக்கு” என்ற பேச்சு புகுந்துவிட்டது.

வடிகட்டலில் தப்பி உள்ளே வந்தவர் நிலைப்பாரா என்பது வேறு கேள்வி. தேர்வை நடத்துவது பெரும்பாலும் ஆர்வம். வேலையில் தேறுவதற்கு வேறு குணம் வேண்டும். ஆய்வாளர்கள் பாரிக்கும் மவுண்டும் 1991இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, எந்தத் தொழில் வகையானாலும் வேலைத்திறனோடு ஒட்டி நின்றது கடமையுணர்வுதான். பந்தி முடிந்து எல்லோரும் கலைந்தபின் கருகின கிடாரத்தைத் தேய்க்க நிற்கிறவரிடம் இருப்பது அது. கட்டுவேலையில் அது, கொங்கிறீற்றுப் போட்டபின் யாரும் பார்க்காத நாட்களிலும் தவறாமல் ஒரு கிழமைக்குத் தண்ணீர் விடுவது. விடாவிட்டால் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. தளம் பிறகுதான் வெடிக்கும்.

பதினாறு வயதில் பிடித்த இடத்திலேயே கடைசிவரை நிற்கவேண்டும் என்றில்லை. தேசிய தொழில் தகைமையில் ஏழு மட்டங்கள்: நான்கு வரை சான்றிதழ், ஐந்தும் ஆறும் டிப்ளோமா, ஏழு பட்டம். பள்ளிக்கூடம் போய்ப் படிக்காமல் வேலையில் பழகிய மேசனும் தன் திறமையைக் காட்டிச் சான்றிதழ் பெற வழியுண்டு. கையாளாய்ச் சேர்ந்து, பின்னேரம் கூலிக் கணக்குக் கொப்பியை எட்டிப் பார்க்கிற பையனுக்கு முதலில் சொல்லவேண்டிய தகவல் இதுதான்.