மின்மாற்றி கற்பித்த பாடம்

இரண்டாம் ஆண்டில் நடந்தது இது. ஆய்வுக்கூடத்தில் என்னிடம் தந்திருந்த டிரான்ஸ்பார்மரை, அதாவது மின்மாற்றியை, மாறுமின்சாரத்தில் இணைக்க வேண்டும். அவசரத்தில், பக்கத்திலிருந்த 220 வோல்ட் நேர்மின்சார முனைகளில் இணைத்துவிட்டேன். சுவிட்சைப் போட்டதும் 'பட்'டென்று ஓர் ஓசை, பியூஸ் உருகிவிட்டது. அது உருகியிராவிட்டால் சுருளே கருகியிருக்கும்.

ஆசிரியர் கடிந்துகொள்ளவில்லை. ஒரு கேள்விதான் கேட்டார்: "இச்சுருளின் தடை 4 ஓம். 230 வோல்ட் மாறுமின்சாரம் கொடுத்தால், ஓம் விதிப்படி 57 ஆம்பியர் பாய வேண்டும். ஆனால் அரை ஆம்பியர்கூடப் பாய்வதில்லையே, ஏன்?" தேர்வில் முழு மதிப்பெண் வாங்கிய எனக்கு விடை தெரியவில்லை. "அடுத்த வாரம் வந்து சொல்" என்றார்.

அன்றிரவு விடுதியில் நம் சங்கத்து மூத்த மாணவர் ஒருவரிடம் முறையிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, "ஊரில் அம்மா தயிர் கடைவதைப் பார்த்திருக்கிறாயா, தம்பி? மத்துக் கயிற்றை இப்புறமும் அப்புறமும் மாறி மாறி இழுத்தால்தானே வெண்ணெய் திரளும்? ஒரே பக்கமாக இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றால் என்ன ஆகும்?" என்றார். அங்கேதான் எனக்கு வழி பிறந்தது.

1831 ஆகஸ்டு 29 அன்று மைக்கேல் பாரடே ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி இதைத்தான் கண்டார். ஒரு சுருளை மின்கலத்தில் இணைத்த கணத்தில், மற்றொரு சுருளுடன் இணைந்த கம்பியின் அருகிலிருந்த காந்த ஊசி துள்ளியது, உடனே அடங்கிவிட்டது. இணைப்பைத் துண்டித்தபோது மீண்டும் துள்ளியது. இடையில் மின்சாரம் சீராக ஓடியபோதோ ஊசி அசையவே இல்லை. காந்தம் இருப்பது மட்டும் போதாது. அது மாற வேண்டும். மாறும் காந்தமே கம்பியில் மின்னழுத்தத்தைத் தூண்டுகிறது.

நம் வீட்டு மின்சாரம் வினாடிக்கு 50 முறை சுழல்வது. ஆகவே மின்மாற்றியின் இரும்பு உள்ளகத்தில் காந்தம் ஓயாமல் ஏறி இறங்கித் திசை மாறுகிறது. அந்த இரும்பைச் சூழ்ந்த ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு மின்னழுத்தம் பிறக்கிறது. இது முதன்மைச் சுருள், அது துணைச் சுருள் என்ற பேதம் காந்தத்திற்கு இல்லை! 230 வோல்ட்டுக்கு 460 சுற்றுகள் எனில், சுற்றுக்கு அரை வோல்ட். துணைச் சுருளில் 24 சுற்றுகள் இருந்தால் அங்கே 12 வோல்ட்.

நான் கோட்டைவிட்டது இங்கேதான். துணைச் சுருளில் மட்டுமே மின்னழுத்தம் தூண்டப்படுகிறது என்று எண்ணியிருந்தேன். முதன்மைச் சுருளிலும் அது பிறக்கிறது. வெளியிலிருந்து வரும் 230 வோல்ட்டை ஏறக்குறைய முழுவதும் எதிர்த்து நிற்கிறது. ஆகவே உள்ளகத்தைக் காந்தமாக்கவும் சிறு இழப்புகளை ஈடுகட்டவும் வேண்டிய மின்னோட்டம் மட்டுமே பாய்கிறது. துணைச் சுருளில் விளக்கை இணைத்தால், அதன் மின்னோட்டம் உள்ளகக் காந்தத்தைக் குறைக்க முயல்கிறது. எதிர்ப்பு இம்மியளவு தளர்கிறது. முதன்மைச் சுருள் அதற்கேற்பக் கூடுதல் மின்னோட்டத்தை இழுத்துக்கொள்கிறது. இரு சுருள்களும் ஒன்றையொன்று தொடாமலே கொடுக்கல் வாங்கல் நடப்பது இப்படித்தான்.

நேர்மின்சாரத்திலோ, முதற்கணம் கழிந்தபின் காந்தம் மாறுவதில்லை, எதிர்ப்பும் இல்லை. மிஞ்சுவது அந்த 4 ஓம் மட்டுமே. 220 வோல்ட்டை நான்கால் வகுத்தால் 55 ஆம்பியர். பியூஸ் எப்படிப் பிழைக்கும்?

தூண்டப்படும் மின்னழுத்தத்திற்கான சூத்திரத்தில் 4.44 என்னும் எண்ணை மனப்பாடம் செய்திருந்தேன். அதனருகில் நின்ற அதிர்வெண்ணைத்தான் கவனிக்கவில்லை. நேர்மின்சாரத்திற்கு அதிர்வெண் பூச்சியம். ஆகவே சீரான நிலையில் தூண்டப்படும் மின்னழுத்தமும் பூச்சியம். என் கேள்விக்கான விடை முதலிலிருந்தே என் நோட்டில் இருந்தது!

அடுத்த வாரம் ஆசிரியரிடம் இதைச் சொன்னேன். தலையசைத்துவிட்டு, புதுப் பியூஸ் கம்பி ஒன்றை என் கையில் தந்தார். "இப்போது நீயே போடு" என்றார்.

முதலாண்டுத் தம்பிகளே, தங்கைகளே! ஆய்வுக்கூடத்தில் கம்பியைத் தொடுமுன் முனைமேல் எழுதியிருப்பதை ஒருமுறை படியுங்கள். சூத்திரத்தையும் அவ்வாறே, ஒவ்வோர் எழுத்தாகப் படியுங்கள்.